உன் செயினைக் கழற்றியது நான்தான்

சுரங்கத்து லைன் வீடுகள் முழுவதற்கும் அம்மாவாக இருந்துவிட்டு, மீந்த நேரத்தில் எனக்கும் அம்மாவாக இருந்த என் அன்பு அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நம் ஊரில் வரும் சின்னத் தமிழ்ப் பத்திரிகையில் உன் ஃபோட்டோவைப் போட்டு, கீழே நான்கு வரிக் கவிதை போடலாம் என்று தம்பி பாபு சொல்லிக்கொண்டிருந்தான். கவிதையை அச்சகத்துக்காரரே வைத்திருக்கிறாராம். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். அணையாத தீபம், வாடாத மலர், பாசத்தின் சிகரம். அந்தப் பக்கத்தை எனக்குக் கொடு, நான் எழுதித் தருகிறேன் என்றேன். என்ன எழுதுவேன் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் தடுத்திருப்பான். இப்போது சரி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டான்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உன் பேத்தி, பாபுவின் மகள் தரணியின் கழுத்திலிருந்து உன் செயினைக் கழற்றியது நான்தான். அவள் அம்மா வசந்தி என் கையைப் பிடித்துத் தடுத்தாள். உதறிவிட்டுக் கழற்றினேன். செத்தவளின் செயினை நோயில் கிடக்கிற பெண்ணின் கழுத்திலிருந்து இழுத்தவள் என்று லைனில் என்னைப் பற்றிப் பேச்சு. உனக்கும் கோபம் வரும். வரட்டும். இரண்டு வருடமாக எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

இந்தக் கோபம் உண்மையில் துக்கம்தான் என்று, பங்காருபேட்டையில் நான் நூலகராக இருக்கும் கல்லூரியில் உளவியல் சொல்லித்தருகிற மேடம் சொன்னார். துக்கம் சில பேருக்குக் கோபத்தின் வேஷத்தில் வருமாம். நானும் பல நாள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். எனக்குத் துக்கமும் இருக்கிறது, அது தனியாக இருக்கிறது. இது கோபம்தான்.

உன் செயினைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் காதோரம் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் பொன்னுக்கு வீங்கி என்பார்கள். கழுத்தில் பொன் போட்டால் வீக்கம் இறங்கும் என்று நம்பிக்கை. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் நம் லைனில் எத்தனை வீட்டில் பொன் இருந்தது? நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும், அவருடைய அப்பாவும் ஷிஃப்ட் ஷிஃப்டாகத் தங்கச் சுரங்கத்தில் இறங்கி வெட்டியது எங்கே போனதோ, மேலே நம் லைனுக்கு அடகுக்குப் போகாமல் தங்கியது ஒரே செயின். அது உன் கழுத்தில் இருந்தது. எந்த வீட்டில் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நீ சும்மா கொடுத்துவிட மாட்டாய். முதலில் போய்ப் பார்ப்பாய். பிள்ளையின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவாய். காதுக்குக் கீழே அமுக்குவாய். அந்த வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு நீ ஆமாம் என்பாய். கழற்றிப் போடுவாய். வீக்கம் இறங்கியதும் ஒரு டம்ளர் சர்க்கரையோடு செயின் திரும்பி வரும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி மறுபடி போட்டுக்கொள்வாய். அந்த நாட்களில் உன் முகத்தில் ஒரு மினுமினுப்பு இருக்கும். அது செயினால் வந்தது இல்லை என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது செயின் கோடி வீட்டுப் பெண்ணிடம் இருந்தது. அவளுக்கு இறங்கட்டும், அப்புறம் உனக்கு என்றாய். அவளுக்கு இறங்குவதற்குள் எனக்கும் இறங்கிவிட்டது, செயினே இல்லாமல். நான் அதைச் சொன்னேன். ஏம்மா, எனக்கு எதைப் போட்டு இறங்கிச்சு என்று கேட்டேன். "வாய மூடு" என்றாய். லைனில் யாரிடமும் அதைச் சொல்லக்கூடாது என்றும் சொன்னாய்.

அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லியிருந்தால் இன்று இருந்திருப்பாயோ?

உன் கீழ்க் கடைவாய்ப் பல் வெகுநாளாக வலித்துக்கொண்டிருந்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு சமாளித்தாய். சர்க்கரை மாத்திரையை ஞாபகம் வந்த நாளில் விழுங்கினாய். பல் டாக்டரிடம் போகலாம் என்றபோதெல்லாம், பல் என்றால் வலிக்கத்தான் வலிக்கும், வலிக்காத பல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது உன் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கி, கழுத்து எது முகவாய் எது என்று தெரியாமல் இருந்தது. செயினை முன்பக்கம் இழுத்து வீக்கத்தின்மேல் படும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"சின்ன வயசுல எனக்கு வரல. மிச்சம் வெச்சது இப்ப வந்து கீது" என்று, ஏதோ விருந்தாளி வந்த மாதிரிச் சொன்னாய்.

பொன்னுக்கு வீங்கி காதோரம் வரும், உனக்குத் தாடைக்கு அடியில் பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது என்றேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன்.

"லைன்ல அத்தினி பசங்களுக்கும் நான் பாத்தவ. எனக்கு நீ சொல்லிக் குடுக்கிறியா? பொஸ்தகத்துக்குத் தூசி தட்றவளுக்கு இன்னாடி தெரியும்?"

நான் ஆட்டோவைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினேன். நீ சாவகாசமாக எழுந்து போய், ஒன்றுமில்லை, நீ போப்பா என்று அனுப்பிவிட்டாய். மறுநாளும் வந்து கூப்பிட்டேன். அதற்கு மறுநாளும் அதே. பிறகு என் வாயை அடைப்பதற்காக பஜாரில் ஒரு கிளினிக்குக்கு நீயே நடந்து போனாய். எனக்குப் பொன்னுக்கு வீங்கி என்று டாக்டரிடம் நீ சொன்னாய். அவர் அதையே சீட்டில் எழுதினார். வாயைத் திற என்று அவர் சொல்லவில்லை. திறக்க முடியவில்லை என்று நீயும் சொல்லவில்லை. ஒரு ஊசி, வலி மாத்திரை, அவ்வளவுதான். அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

உன் பேச்சு மாறியபோதுதான் பாபு பயந்தான். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரி இருந்தது உன் குரல். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பல்லுக்கு வெளியே எட்டிப்பார்த்தது. எச்சில் விழுங்க முடியாமல் மடியில் வடிந்தது. கார் வைத்துக் கோலாருக்குக் கொண்டுபோனோம். வழியில் உன்னைப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். நீ எல்லோரையும் தள்ளிவிட்டு, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து உட்கார்ந்தே வந்தாய். படுத்திருந்தால் நாக்கு பின்னால் போய் மூச்சை அடைத்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த வாரத்தில் நீ சரியாகச் செய்தது அது ஒன்றுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

செயினின் கொக்கி வீக்கத்துக்குள் புதைந்துவிட்டிருந்தது. நர்ஸ் அதை வெட்டித்தான் எடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டு, நீ விழித்திருக்கும்போதே தொண்டையில் துளை போட்டு, முதலில் மூச்சுக்கு வழி செய்தார்கள். பிறகு தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லைப் பிடுங்கினார்கள். ஆனால் சீழ் அதற்குள் கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்கிவிட்டிருந்தது. சில நாள் குழாயோடு இருந்தாய். என் வாழ்க்கையில் நீ எதிர்த்துப் பேசாமல் நான் பேசிய நாட்கள் அவைதான். என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

நீ போனதும் இங்கே ஆரம்பித்த பேச்சு இருக்கிறதே. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டாள் என்றார்கள். நல்லா நடந்து போனவளைக் கத்தி வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். பாபு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அந்தச் சர்ஜன் அம்மாவைப் பார்த்து, எங்கம்மா கழுத்தை அறுத்துட்டியே என்று கத்தினான். அந்தக் கத்தல்தான் அப்புறம் வீட்டின் வரலாறு ஆனது. உன் பல்லை எல்லோரும் மறந்தார்கள். கிளினிக்கை மறந்தார்கள். நான் நிறுத்திய ஆட்டோவை மறந்தார்கள். கத்தி மட்டும் மிஞ்சியது. வெட்டிய செயினைப் பாபு பற்றவைத்து உன் படத்துக்கு மாலையாகப் போட்டான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மத்தியானம் தனியாகக் கோலாருக்குப் போய் அந்தச் சர்ஜனைப் பார்த்தேன். சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்தார். எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றேன். கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார், ஒரு தாளில் கழுத்தை வரைந்து. தோலுக்கு உள்ளே கழுத்து அடுக்கடுக்காக இருக்கிறதாம். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இடம். பல்லில் இருந்தோ தொண்டைச் சதையில் இருந்தோ சீழ் அந்த இடத்துக்குள் புகுந்தால் அங்கேயே நிற்காதாம், கீழே கீழே இறங்குமாம். எனக்கு நைனா சிமெண்ட் தரையில் கரியால் வரைந்து காட்டும் சுரங்க ஷாஃப்ட்டும், அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் லெவல்களும் ஞாபகம் வந்தன. ஒரு லெவலில் தண்ணீர் புகுந்தால் அந்த லெவலோடு போகாது என்று அவரும்தான் சொல்வார்.

வெளியில் பார்த்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லா வீக்கமும் இது இல்லை என்றார். ஆனால் வாய் திறக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, குரல் மாறியிருக்கிறதா, கழுத்தைத் திருப்ப முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தித் தன் வாய்க்குள் வைத்துக் காட்டினார். நல்ல வாய்க்குள் அவரவர் மூன்று விரல் போகுமாம். போகாமல் காய்ச்சலும் கழுத்து வீக்கமும் இருந்தால், பத்து போட்டுக்கொண்டும் மாத்திரை மாற்றிக்கொண்டும் வீட்டில் உட்காரக்கூடாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நானும் வைத்துப் பார்த்தேன். போயிற்று.

இதை நான் வீட்டில் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. போன உயிரை எதற்கு இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள் அண்ணி என்றாள் வசந்தி. நீ இருந்தபோதும் என் பேச்சு இந்த வீட்டில் எடுபடவில்லை. செத்த பிறகும் நீதான் ஜெயித்தாய்.

போன மாதம் ஒரு காலையில் தரணியிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. பேசினால் போதும் என்று எப்போதும் கூப்பிடுகிற பெண், தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள். அத்தே, வாய் திறக்க முடியல, வரியா என்று. நான் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு மாரிகுப்பம் போகும் ரயிலைப் பிடித்தேன்.

அவளுக்குப் பல வாரமாகத் தொண்டை வலி. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி, சரியான மாதிரி தெரிந்ததும் நிறுத்தி, மறுபடி வலித்து மறுபடி வாங்கியிருக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தபோது நாற்காலியில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றுவிட்டிருந்தது. வாயில் ஒரு துண்டு, எச்சில் ஊறி நனைந்து. கழுத்தின் வலது பக்கம் மஞ்சள் பத்து. பத்தின்மேல் உன் செயின். சுவரில் உன் படம் மாலையில்லாமல் இருந்தது.

அம்மா, அந்த நிமிஷம் உன்னை நான் வெறுத்தேன். இதை எழுத யோசித்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

தரணியின் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திற என்றேன். அவளுடைய ஒரு விரல் போயிற்று. இரண்டாவது விரல் பல்லில் இடித்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் செயினில் கையை வைத்தேன். வசந்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அத்தை கைப்பட்ட செயினு அண்ணி. எத்தினி பேருக்கு எறங்கிக் கீது. பொன்னுக்கு வீங்கின்னா வாய் தெறக்காதுன்னு அத்தையே சொல்லிக் கீறாங்க."

"சொல்லித்தான் செத்தாங்க" என்றேன்.

அது கொடூரமான பேச்சு. வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் செயினை இழுத்தேன். பின்னங்கழுத்தில் முடியோடு சிக்கிக்கொண்டு வந்தது. சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

பாபு பெங்களூர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். சத்தம் கேட்டு வந்தான். செயின் என் கையில் இருப்பதைப் பார்த்தான். கோலாருக்குப் போகவேண்டும், இப்போதே என்றேன்.

"கோலாருக்கா? அந்தம்மாகிட்டயா? அம்மா கழுத்த அறுத்தது பத்தாதுன்னு எம் பொண்ணு கழுத்தையும் நீட்டச் சொல்றியா? உனக்கு இன்னாக்கா, புள்ளயா குட்டியா."

கடைசியில் சொன்னதை நான் கேட்காத மாதிரி இருந்தேன். அதற்கு வேறு நாள் இருக்கிறது. அவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். மாத்திரை மாற்றிப் பார்க்கலாம், இரண்டு நாள் பார்க்கலாம், பஜார் டாக்டரை வரச்சொல்லலாம் என்று அடுக்கினான். ஒவ்வொன்றும் உன் குரலிலேயே வந்தது. நான் என்ன சொன்னாலும் அவன் காதில் போகாது என்று தெரிந்தது. படித்த அக்கா பேசுவதைக் கேட்கக்கூடாது என்று நீ அவனைப் பழக்கி வைத்திருக்கிறாய்.

அப்போது தரணி எழுந்தாள். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, தலையைச் சாய்த்தபடியே, அப்பாவைத் தாண்டி வெளியே போய் எதிர்வீட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். பேச முடியாது. பாபு சட்டையை மாட்டிக்கொண்டு, அவளுக்கு எதுனா ஆச்சுன்னா உன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்து ஏறினான். சரி, கிளம்பு என்றேன்.

வழி முழுக்க வசந்தி அவளை மடியில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். நான் தரணியின் தோளைப் பிடித்து நிமிர்த்தியே வைத்திருந்தேன். நீ முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

அதே சர்ஜன்தான் இருந்தார். பாபுவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது அவருக்கு. முகத்தில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. தரணியை உட்காரவைத்தே பார்த்தார். கையில் ஊசி ஏற்றி மருந்து போட ஆரம்பித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மூச்சு பார்த்து, பக்கத்திலேயே டாக்டர் நிற்க, மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். தொண்டைச் சதைக்குப் பக்கத்தில் சீழ் கட்டி, கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் ஓரமாக இறங்கத் தொடங்கியிருந்தது. நெஞ்சுக்குப் போகவில்லை. இன்றைக்கே கீறி எடுக்கவேண்டும் என்றார். முதலில் மூக்கு வழியாகக் கேமரா வைத்து மூச்சுக்குழாயில் குழாய் விடப் பார்ப்பார்களாம். முடியாவிட்டால் தொண்டையில் துளை போடவேண்டியிருக்கும், அதற்கும் சம்மதம் வேண்டும் என்றார்.

துளை என்றதும் பாபு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். எங்கம்மாவுக்கும் துளைதான் போட்டீங்க என்றான். வெளியே தரணியின் மூச்சு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வரும் சத்தம் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அவனை அறையவேண்டும் போல இருந்தது. ஆனால் என் வாயில் வந்தது நைனாவின் பேச்சு.

"பாபு, கீழ பாறை வெடிச்சு ஆளு மாட்டிகினா மொதல்ல இன்னா பண்ணுவாங்க? நைனா இன்னா சொல்வாரு?"

அவன் என்னைப் பார்த்தான்.

"கல்ல அப்புறம் தள்ளுவாங்க. மொதல்ல காத்துக் குழா. அம்மாவுக்கும் அதான் பண்ணாங்க. இவளுக்கும் அதான்."

அவன் உட்கார்ந்துவிட்டான். நைனா சொன்ன கதைகளை நீ வேலை பார்த்துக்கொண்டே காதில் வாங்காமல் விட்டுவிடுவாய். பாபு மட்டும் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்பான். குழாய் வழியாகக் காற்று வருகிற சத்தம் கேட்டதும்தான் உள்ளே இருக்கிறவர்களுக்கு அழுகையே வருமாம். அதுவரை அழக்கூடக் காற்று இருக்காதாம்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பாபு சர்ஜனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அன்றைக்கு எங்கம்மாவுக்கும் இதையேதானா செய்தீர்கள் என்று. இரண்டு வருடமாக அவன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

அந்த அம்மா தன் அரைகுறைத் தமிழில் சொன்னார். "அதேதான். அவங்க லேட்டா வந்தாங்க. இவ டைமுக்கு வந்திருக்கா."

அவன் கையெழுத்துப் போட்டான்.

அதே கை, அதே கத்தி. நேரம் ஒன்றுதான் வேறு. அந்த நேரத்தை உன்னிடமிருந்து யாரும் திருடவில்லை. நீயே ஆட்டோவை அனுப்பினாய், நீயே செயினைப் போட்டுக்கொண்டாய், நீயே உனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டாய். உன் தப்பை ஒரு டாக்டரின் தலையில் போட்டுக்கொண்டு இந்த வீடு இரண்டு வருடம் வாழ்ந்தது. அந்தப் பொய் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் உன் பேத்தியையும் தின்றிருக்கும். இதைத்தான் நான் மன்னிக்கமாட்டேன். நீ செத்ததைக்கூட ஒருவிதமாக ஜீரணித்துவிட்டேன்.

தரணி பிழைத்துவிட்டாள். துளை தேவைப்படவில்லை, மூக்கு வழிக் குழாய் போயிற்று. கழுத்து மடிப்போடு ஒட்டிக் கீறிச் சீழை எடுத்து, மிச்சம் வடிய ரப்பர் குழாய் வைத்தார்கள். தீவிர சிகிச்சையில் இரண்டு நாள் குழாயோடு வைத்திருந்து பிறகு எடுத்தார்கள். எடுத்தபின் அவள் முதலில் பேசியது என்னிடம்தான். நான் உருகிவிடத் தயாராக இருந்தேன்.

"அத்தே, செயின இழுத்தப்ப முடியும் புட்டுகினு வந்துச்சு. இன்னும் நோவுது" என்றாள்.

உன் பேத்திதான், சந்தேகமே இல்லை.

இப்போது வீட்டில் இருக்கிறாள். தாடை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, நாளுக்கு நாள் ஒரு குச்சி கூட்டிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். பாபு ஐஸ் கடையில் ஒரு கட்டுக் குச்சி வாங்கிவந்து போட்டான். என்னோடு அதிகம் பேசுவதில்லை. போன ஞாயிறு தட்டில் எனக்கு மீன் துண்டைத் தூக்கி வைத்தான், முகத்தைப் பார்க்காமல். வசந்தி அதுவும் இல்லை. நான் சொன்ன வார்த்தை அவள் நெஞ்சில் நிற்கிறது. நிற்கட்டும். அது நின்றால் அடுத்த முறை பத்துப் போடுவதற்கு முன்னால் யோசிப்பாள்.

இன்னொன்று நடந்தது. தரணியைக் கவனித்துக்கொள்ள நான் அங்கே தங்கியிருந்தபோது, மூன்றாம் வீட்டுக் கலா தன் சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பெண்ணுக்கு இரண்டு கன்னமும் உப்பி இருந்தது. அம்மா செயின் வேண்டும் என்றாள். செயின் என் பையில் இருந்தது.

நான் அந்தப் பெண்ணை வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். எச்சில் விழுங்கு என்றேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். தலையைத் திருப்பச் சொன்னேன், திருப்பினாள். வாயைத் திற, உன் மூன்று விரலை வை என்றேன். வைத்தாள். என் விரலை வைத்துப் பார்த்தபோது நறுக்கென்று கடித்தாள். அப்படிக் கடிக்கிற வாயில் ஒரு குறையும் இல்லை. இது பொன்னுக்கு வீங்கியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் நான் சொல்வது கணக்கில்லை, நாளைக்குக் காலையில் டாக்டரிடம் காட்டு, வாய் பூட்டிக்கொண்டாலோ குரல் மாறினாலோ நாளைவரை காத்திருக்காதே என்றேன். செயின் கிடையாது என்றும் சொன்னேன்.

கலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கம்மாவா இருந்தா கேக்கிறதுக்கு முன்னால கயட்டிக் குடுத்திருப்பாங்க. மனசு வேணும் அதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொடுத்திருப்பாய். அதில் எனக்கு என்ன சந்தேகம்? ஊருக்கெல்லாம் கழற்றிக் கொடுத்தவள், ஒருத்திக்கும் தன்னைத் தொட்டுப் பார்க்க இடம் கொடுக்கவில்லை. லைனில் எத்தனை தாடைகளைப் பிடித்துத் திருப்பினாய். உன் தாடையைப் பிடிக்க என் கை வந்தபோது ஏன் தட்டிவிட்டாய்? நான் தூசி தட்டுகிறவள் என்பதாலா? இல்லை, பிடித்துப் பார்க்கிறவள் நீயாகவே கடைசிவரை இருக்கவேண்டும் என்பதாலா?

பதில் வராது. வாய் மூடினவளிடம் கேட்டு என்ன?

ஆனால் கலா போனபிறகு எனக்கு ஒன்று புரிந்தது, அது பிடிக்கவும் இல்லை. கடிபட்ட விரலை உதறிக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் நின்று, அப்போ எம் பேரனையும் ஒருதரம் பார்த்துடும்மா என்றாள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். அந்தப் பையனின் தாடையை இப்படியும் அப்படியும் திருப்பினேன். வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே தரணி குச்சிகளைக் கடித்துக்கொண்டு, ஆயா மாதிரியே பண்றே அத்தே என்று குளறினாள். இதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் எனக்குக் கோபம்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன், கேட்டுக்கொள். உன் செயின் இனி வீங்கின எந்தக் கழுத்துக்கும் போகாது. அது தரணிக்குத்தான். அவள் மூன்று விரலை வாயில் வைத்து, எடுத்து, முழு வாயைத் திறந்து என்னைத் திட்டுகிற நாளில் அவள் கழுத்தில் நானே போட்டுவிடுவேன். தழும்பின்மேல் படட்டும். எப்படி வந்த தழும்பு என்று யார் கேட்டாலும் உன் கதையைச் சொல்வேன், பல்லில் ஆரம்பித்து, ஆட்டோவை விடாமல், கத்தி வரைக்கும். லைனில் எந்தப் பிள்ளைக்குக் கழுத்து வீங்கினாலும் கூப்பிட்டால் போவேன். கையில் பொன் இருக்காது. விரல் மூன்று இருக்கும்.

நீ மூடச் சொன்ன வாயை இன்னும் மூடாத,
உன் மூத்த மகள் செல்வி